என் சேலையில் வந்த லைன் லீடர்

என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் எங்கள் வீட்டுத் தலையணைகளைச் செருகிக்கொண்டு என் கணவர் மேடைக்கு வந்தபோது பந்தலே அதிரும்படி சிரித்தார்கள். அன்று ஆயுத பூஜை. ஓசூர் தொழிற்பேட்டையில் நானும் அவரும் வேலை செய்யும் கம்பெனியில், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு கேட்டுக்குள் விடுவார்கள். மெஷின்களுக்கு விபூதிப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்த பிறகு கலை நிகழ்ச்சி தொடங்கும். மூன்றாவது வரிசையில் நானும் என் மாமியாரும் ஏழாவது படிக்கும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சேலையைக் காணோமே என்று முந்தின நாள்தான் பீரோவையே கவிழ்த்துத் தேடியிருந்தேன்.

நாடகத்தின் கதை இதுதான். ஒருத்தனுடைய பெண்டாட்டி கம்பெனியில் லைன் லீடர் ஆகிவிடுகிறாள். அன்றிலிருந்து வீட்டிலும் விசிலோடு திரிகிறாள். புருஷன் காபி போட ஒரு நிமிஷம் கூடினால் விசில். அவன் சுட்ட தோசை வட்டமாக இல்லையென்றால் ரிஜெக்ட். ஆனால் அவள் சுட்ட தோசையோ கல்லைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு கரப்பான்பூச்சி வர, லைன் லீடரம்மா ஓடிப்போய்ப் புருஷன் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். திரை விழுகிறது.

எங்கள் லீடர் வேறு லைனுக்குப் போவதால் காலியாகும் லைன் லீடர் வேலைக்கு, அதற்கு மூன்று வாரம் முன்னால் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் செக்‌ஷனில் அதுவரைக்கும் எந்தப் பொம்பளையும் அதற்கு எழுதிக் கொடுத்ததில்லை. நாடகம் நடந்த அடுத்த வாரம் இன்டர்வியூ. பந்தலில் இருந்த பாதிப் பேருக்கு இது தெரியும். என் கணவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் கட்டிலில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பியபோது பேனா எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

அவர் நன்றாக நடித்தார். அதை மறைக்க மாட்டேன். நான் தலைமுடியை முடிந்துகொள்வதையும், கோபம் வந்தால் இடது கையை இடுப்பில் வைப்பதையும் அப்படியே செய்தார். என் மாமியார் வீட்டில் தெலுங்குதான் பேசுவார், சிரிப்பதும் தெலுங்கில்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அய்யோ, அச்சு நீலானே உந்தி" என்று என் தோளில் தட்டினார். அச்சு அசல் நீயேதான் என்கிறார். மகளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்பது அந்தப் பார்வை. நான் கைதட்டினேன். முகமெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். கணவரை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தக் கைதட்டலுக்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த நாடகத்தை அவர் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். எல்லாம் டிவியில் வருவதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் எங்கள் வீட்டில் காமெடி நிகழ்ச்சி ஓடும். ஒரு ஆண் சேலை கட்டிக்கொண்டு வருவான். கையில் பூரிக்கட்டை இருக்கும். பெண்டாட்டி என்றால் குண்டாக இருக்க வேண்டும், கத்த வேண்டும், நகை கேட்க வேண்டும், அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் போனதும் புருஷன் துண்டைச் சுழற்றி ஆட வேண்டும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் மேசையில் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். பெண்ணைக் கேலி செய்வதற்குக்கூட ஒரு பெண்ணைக் கூப்பிடுவதில்லை, பாருங்கள்.

எங்கள் வீடு பாகலூர் ரோட்டில். கர்நாடகா கூப்பிடு தூரம். எங்கள் தெருவில் மூன்று பாஷை டிவியும் ஓடும். மாமியார் தெலுங்குச் சேனல் பார்ப்பார், எதிர்வீட்டில் கன்னடம், நாங்கள் தமிழ். மூன்றிலும் நான் பார்த்திருக்கிறேன். பாஷை மாறுகிறது, சேலைக்கட்டு கொஞ்சம் மாறுகிறது, பூரிக்கட்டை மாறவே இல்லை. தண்ணீர் என்றால் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு நிற்கிற இரண்டு பக்கத்துக்காரர்களும் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

நானும் பல வருஷம் சிரித்தவள்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்து, சமைக்கத் தெரியாத பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சாப்பாட்டை ஆக்கியவள் நான் என்பது அப்போது உறைக்கவில்லை. டிவி பெண்டாட்டி மோசமாகச் சமைக்கிறாள், சரி. அந்த வீட்டில் வேறு யாராவது சமைத்து என்றைக்காவது காட்டியிருக்கிறார்களா?

எனக்கு முதலில் உறைத்தது கம்பெனி பஸ்ஸில்தான். என் பக்கத்து சீட்டில் உட்காரும் பெண் ஒருநாள் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். அதற்கு முந்தின மாதமும் பாத்ரூம்தான். அந்த நேரத்தில் டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் சின்ன டிவியில் காமெடி ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பூரிக்கட்டையை எடுத்து அடிக்கிறாள், புருஷன் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான், பஸ் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்தபோது கன்னம் வலித்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டாள். டிவியில் அடிக்கிறவள் எப்போதும் பெண்டாட்டிதான். எங்கள் பஸ்ஸில் அடி வாங்கிவிட்டு ஏறுகிறவளும் பெண்டாட்டிதான். எவனோ உட்கார்ந்து இதைத் தலைகீழாகத் திருப்பி எழுதிவிட்டு அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு போகிறான் என்று வயிறு எரிந்தது.

அம்மா என்று வந்தால் இன்னும் கொடுமை. டிவியில் அம்மா என்றால் ஒன்று மூக்கைச் சிந்துவாள், இல்லையென்றால் மருமகளுக்கு எதிராகப் பிள்ளை காதில் ஓதுவாள். நான் பிறந்தது நாகரசம்பட்டிப் பக்கம். என் அம்மா சீசனுக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் பழம் பிரிக்கப் போவாள். லோடு இறங்கினால் அழுகல் எது, காய் எது என்று கைபட்டதுமே சொல்வாள். தப்பான லோடு என்றால் லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிவிடுவாள், அவன் எவ்வளவு கத்தினாலும் மசிய மாட்டாள். அப்படி ஒரு அம்மாவை நான் எந்தச் சேனலிலும் பார்த்ததில்லை.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எங்கள் லைனில் வண்டி ஹேண்டிலில் மாட்டும் ஸ்விட்ச் செய்கிறோம். ஹாரன் ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச் எல்லாம். பதினோரு வருஷமாக நான் கடைசி செக்கிங்கில் இருக்கிறேன். என் கைக்கு வந்து, நான் அழுத்திப் பார்த்து, சரி என்று வைத்தால்தான் பெட்டிக்குள் போகும். காலையில் லைனுக்குள் கால் வைத்ததும் எங்கிருந்தோ ஒரு விசில். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் குனிந்து வேலை செய்கிறார்கள், தோள் மட்டும் குலுங்குகிறது. டீ இடைவேளைக்குப் போனால் விசில், தண்ணீர் பிடிக்கப் போனால் விசில். நாலு பேர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள், நாடகம் பார்க்காதவனுக்கும் விஷயம் போய்விட்டது.

அன்று சாயந்திரம் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"ஏம்மா, இந்த வருஷம் வேணாமே. பசங்க உன்ன சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. கொஞ்சம் ஆறட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நான் என்ன தப்பு பண்ணேன் சார்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நெலம அப்படி ஆயிடுச்சு. வெள்ளிக்கிழம இன்டர்வியூக்கு நீ வரலன்னு சொல்லிடு, நான் பாத்துக்கறேன்."

பதினோரு வருஷ வேலையை ஒரு தலையணை தள்ளிவிட்டது. தலையணையைச் செருகியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவரைப் பார்த்து விசில் அடிக்க யாரும் இல்லை. அவர் வேலை செய்யும், தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் அவருக்குக் கைகுலுக்கல்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அவர் மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பக் காத்திருந்தார்.

"என்னப் போட்டுக் காட்ட உங்களுக்கு வேற கதையே கெடைக்கலியா?"

"சும்மா தமாசுக்குடி. டிவில எல்லாரும் பண்றதுதான்."

"டிவில வர்றவனோட பொண்டாட்டிக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ இருந்துச்சா? என்ன வராதேன்றாங்க. உங்க தமாசால."

தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தும் அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. நான்தான் போய் நிறுத்தினேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ லீடர் ஆயிட்டா, கேன்டீன்ல எல்லாரும் என்னப் பாத்து என்னா சொல்லுவாங்க? எட்டு வருஷமா நான் ஆபரேட்டராவே இருக்கேன். உனக்கென்ன தெரியும்."

அடச்சே என்று ஆகிவிட்டது. அந்த மனுஷன் மேல் பாவமும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், சேர்ந்து ஏதாவது யோசித்திருப்போம். மேடையில் வைத்துச் சொன்னதால் நான் கைதட்ட வேண்டியதாயிற்று. டிவி காமெடி எங்கள் ஆண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். மனசில் இருக்கும் பயத்தைப் பெண்டாட்டிக்குச் சேலையாகச் சுற்றிவிட்டால் போதும், பயந்தவன் தப்பித்துக்கொள்வான், அவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். எதிர்த்துக் கேட்டால் தமாசு புரியாதவள் என்று பெயர் வேறு.

"உங்க கஷ்டம் உங்களுது. அத என் சேலைல சுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மாமியார் டிவியை வைத்திருந்தார். அணைத்தேன். "ஏமாயிந்தி?" என்றார். என்ன ஆனதா, ஒன்றும் ஆகவில்லை, தலைவலி என்றேன்.

செவ்வாயும் விசிலோடு போனது. புதன்கிழமை மதியம் என் கைக்கு வந்த ஒரு ஹாரன் ஸ்விட்சை அழுத்தினேன். உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அடுத்ததும் அப்படியே. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங்கே இல்லை. மொத்தம் ஏழு பீஸ். நல்லவேளை, என்னைத் தாண்டிப் போகவில்லை. ஸ்பிரிங் போடும் இடத்தில் இருந்தவன் தர்மபுரிக்காரன், கல்யாணம் ஆகி ஒரு பிள்ளைக்கு அப்பன். நான் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது வேலையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்திருக்கிறான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் பத்து நிமிஷம் லைனே கூடி போர்டு முன்னால் நிற்க வேண்டும். முந்தின நாள் ரிஜெக்ட் ஆனதில் ஒன்றைக் கையில் எடுத்து, ஏன் இப்படி ஆனது என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடியும் ஏன். இப்படி ஐந்து முறை கேட்டுக் கீழே கீழே போக வேண்டும். ஏன்-ஏன் என்பதை இங்கிலீஷில் ஒய்-ஒய் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று ஆள் தலையில் போட்டு முடிப்பது மட்டும் கூடவே கூடாது. ரிஜெக்டைப் பிடித்தவர்கள்தான் போர்டில் எழுத வேண்டும். ஏழையும் பிடித்தவள் நான்.

வியாழக்கிழமை காலை அந்த ஏழு ஸ்விட்சையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போர்டு முன்னால் நின்றேன். மார்க்கரை எடுத்தேன்.

"ஸ்பிரிங் ஏன் இல்ல?"

"போட்டுட்டேன்னு நெனச்சேன்க்கா. அந்தப் பக்கம் திரும்பிட்டேன்" என்றான் தர்மபுரிக்காரன்.

எழுதினேன். "ஏன் திரும்பினீங்க?"

"விசில் சத்தம் கேட்டுச்சு."

அதையும் எழுதினேன். "விசில் ஏன் அடிச்சாங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல், "நீங்க எழுந்து போனீங்கக்கா." கூட்டம் சிரித்தது. நான் அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். எழுத எழுத சிரிப்பு குறைந்தது.

"நான் எழுந்து போனா ஏன் விசிலு?"

"டிராமால அப்படி வந்துச்சுல்ல. சும்மாக்கா."

"சரி. இப்ப அஞ்சாவது ஏன்" என்று திரும்பி நின்றேன். "போன வருஷ டிராமால நம்ம லீடரயும்தான் கிண்டல் பண்ணீங்க. தொப்பையும் வழுக்கையும் வெச்சு. மறுநாளு அவரப் பாத்து யாரும் விசிலடிக்கல, வேலையப் பாத்தீங்க. எனக்கு மட்டும் ஏன்?"

எங்கள் லீடர் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற பெண்கள்கூடத் தரையைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் முடிந்து லைன் ஓட வேண்டிய மணியும் அடித்துவிட்டது. நான் நகரவில்லை. ஐந்தாவது ஏன் வராமல் போர்டை மூடக் கூடாது, அதுதான் முறை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் ஒருவர் இருக்கிறார். என்னைவிட சீனியர், ஸ்க்ரூ பூட்டும் இடத்தில் நிற்பவர். அதிகம் பேசாதவர். அவர்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"பொம்பள சொல்லி நாம கேக்கறதான்னு இருக்குதும்மா. அத நேரா சொல்ல முடியுமா? அதான் சிரிச்சிக்கினு இருக்கோம்."

"நன்றிங்கண்ணா" என்றேன். மனசாரச் சொன்னேன். டிவியில் இத்தனை வருஷம் பார்த்த எல்லா காமெடிக்கும் அந்த ஒரு வரியில் பதில் இருந்தது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்.

அரைமணி நேரத்தில் ஆபீசர் ஓடி வந்தார். போர்டைப் படித்தார், முகம் சிவந்தது.

"என்னம்மா இது. அழிச்சிடு. வெளியாளுங்க வந்துபோற எடம்."

"ஏழு பீஸ் ஸ்பிரிங் இல்லாம வந்துச்சு சார். ரோட்ல போறவன் ஹாரன் அழுத்துனா அழுத்துனபடியே நிக்கும். காரணத்தக் கண்டுபுடிச்சு எழுதியிருக்கேன். தப்பா இருந்தா சொல்லுங்க, அழிக்கிறேன்."

அவர் டஸ்டரைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க ஒரு விசில்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவருக்கு விஷயம் நான் வீடு போவதற்குள் போய்விட்டது. "என்னையும் போர்டுல ஏத்திட்டியாமே" என்றார். உங்களை எழுதவில்லை, ஆள் பெயர் எழுதக் கூடாது என்பது சட்டம் என்றேன். அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, போ" என்றார். அந்த அளவுதான் அவரால் முடிந்தது.

இன்டர்வியூ அறைக்கு வெளியே என்னைத் தவிர மூன்று பேர், மூவரும் ஆண்கள். என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் எங்கள் ஆபீசரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "லீடர்னா சீக்கிரம் வரணும், லேட்டா போகணும். பொண்ணு இருக்குல்ல, வீட்ட சமாளிச்சிடுவீங்களா?" என்றார்.

"முன்னாடி உள்ள வந்த மூணு பேருக்கும் கொழந்தைங்க இருக்குது சார். அவங்களயும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்பது மூன்று முகத்திலும் தெரிந்தது. எங்கள் ஆபீசர் மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நாளைக்கு லைன்ல நீ ஒண்ணு சொன்னா பசங்க கேப்பாங்களா? அதச் சொல்லு."

"கேக்க வெக்கிறது என் வேல சார். போஸ்டிங் குடுக்கிறது உங்க வேல. மொதல்ல உங்க வேலைய நீங்க பண்ணுங்க, அப்புறம் என் வேலைய நான் பண்றேனா இல்லியான்னு பாருங்க."

சொல்லிவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்து வந்தேன். ஆனாலும் அன்றைக்கு நடந்த நடை எனக்கே புதிதாக இருந்தது. போஸ்டிங் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் எழுதிக் கொடுப்பேன், அதற்கடுத்த வருஷமும் கொடுப்பேன், அவர்கள் சிரித்துச் சிரித்து வாய் வலித்து நிறுத்தட்டும் என்று பஸ்ஸுக்கு நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஆர்டர் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது.

முதல் நாள் லைன் முன்னால் நின்று அன்றைய கணக்கை வாசித்தேன். எந்த மாடல், எத்தனை பீஸ், யார் எந்த இடத்தில் என்று சொல்லச் சொல்ல நிறைய பேர் நிமிர்ந்து கேட்டார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பார்த்தேன். வாசிப்பதை நிறுத்தவில்லை. சிரித்தவர்களுக்கும் அன்றைக்கு டார்கெட் அதேதான்.